'கேஸ்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்: இதயத்துக்காகச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

என் சித்தப்பாவுக்கு இரவு 2 மணிக்கு நெஞ்சை அடைத்தது. முந்தின நாள் கல்யாண விருந்து. "பிரியாணி வேலையைக் காட்டுது" என்று சோடா குடித்தார், ஓமத் தண்ணீர் குடித்தார். சித்தி நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டார். காலை 7 மணிக்கு ஈ.சி.ஜி. எடுத்தபோது 5 மணி நேரம் போயிருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் முன்பக்கத் தசை செத்துவிட்டது. மாடிப்படி ஏற முடியாமல் இப்போது கீழ்வீட்டுக்கு மாறியிருக்கிறார். அந்த 5 மணி நேரத்தை உங்கள் வீட்டில் யாரும் இழக்கக்கூடாது.

இதயத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை உடம்புக்கு அனுப்புகிறது. ஆனால் தன் அறைகளில் நிறைந்திருக்கும் அந்த ரத்தத்தை அது தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. பெருந்தமனி கிளம்பும் இடத்திலேயே பிரிகிற இரண்டு கரோனரி குழாய்கள்தான் இதயத் தசைக்குச் சோறு போடுகின்றன. அவற்றின் அகலம் 3, 4 மில்லிமீட்டர்தான். இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவைவிட ஒடுக்கம்.

இந்தக் குழாயின் உள்பக்கம் வழுவழுப்பான மெல்லிய படலம் இருக்கிறது. பி.பி.யும் சுகரும் புகையும் அதைப் பழுதாக்கும்போது எல்.டி.எல். கொழுப்பு சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகிறது. அதை விழுங்க வருகிற வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கித் தாங்களே கொழுப்பு மூட்டையாகி அங்கேயே தேங்குகின்றன. மேலே ஒரு மூடி வளர்கிறது. தண்ணீர் பைப்பில் உப்பு படிந்து அடைப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துத்தான் மாரடைப்பு வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி வருவதில்லை. அந்த மூடி ஒருநாள் கிழிகிறது. கிழிந்த இடத்தைக் காயமென்று எண்ணி உடம்பு ரத்தத்தை உறையவைக்கிறது. உறைந்த கட்டி சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது. பாதிகூட அடைபடாத குழாயிலும் இது நடக்கும். போன மாதம் ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல் என்று வந்தவருக்கு இந்த மாதம் மாரடைப்பு வருவது இப்படித்தான்.

அடைத்த அரை மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்கும். 6 மணி நேரத்தில் அந்தக் குழாயை நம்பியிருந்த தசையில் பெரும்பகுதி போய்விடும். செத்த தசை திரும்ப முளைக்காது.

செய்ய வேண்டியவை

• நெஞ்சின் நடுவில் வந்த அழுத்தம் சில நிமிடங்களில் விடாவிட்டால் 108-ஐ அழையுங்கள். பாரத்தை ஏற்றிவைத்ததுபோல, கயிறு கட்டி இறுக்கியதுபோல இருக்கும். இடது கை, தாடை, முதுகு என்று பரவும், குப்பென்று வியர்க்கும். இதயத்திலிருந்து வரும் நரம்பும் கையிலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்தில் சேர்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளைக்கே குழப்பம்.

• "ஈ.சி.ஜி. எடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். முதல் ஈ.சி.ஜி. நார்மலாக இருந்தாலும் வலி நிற்கவில்லை என்றால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் வலி வந்தவுடனே காட்டிக்கொடுக்காது, ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும்.

• 24 மணி நேரமும் கேத் லேப் இயங்குகிற ஆஸ்பத்திரி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள். அடைப்பை பலூன் வைத்துத் திறக்கும் இடம் அதுதான். அது தூரமென்றால், கட்டியைக் கரைக்கும் ஊசி எங்கே போடுகிறார்கள் என்று கேட்டுவையுங்கள். அந்த ஊசி முதல் 12 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. முதல் 2, 3 மணி நேரத்தில் போட்டால் கிடைக்கும் பலன் பிறகு கிடைப்பதில்லை.

• கிராமத்தில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தை மறக்காதீர்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கே முதல் டோஸாக 14 மாத்திரை கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. கட்டி மேலும் வளராமல் தடுத்துப் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர அவகாசம் வாங்கித் தருவதுதான் இதன் வேலை. இதோடு முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

• வலிப்பவரை நடக்கவிடாமல் சாய்த்து உட்கார வையுங்கள். இதயம் தளரும் நேரத்தில்தான் கரோனரி குழாய்க்குள் ரத்தம் அதிகம் பாய்கிறது. நடந்தால் துடிப்பு கூடும், தளரும் நேரம் சுருங்கும், ஏற்கெனவே பட்டினி கிடக்கும் தசை இன்னும் பட்டினி கிடக்கும்.

• சி.பி.ஆர். கற்றுக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவராவது. மயங்கி விழுந்தவர் அசைவில்லாமல், சரியாக மூச்சுவிடாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5, 6 செ.மீ. உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை மூளைக்கு ரத்தம் போக வேறு வழி கிடையாது.

• 30 வயது தாண்டியதும் பி.பி., சுகர், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். நம்மவர்களுக்கு இது சீக்கிரம் வருகிறது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களில் பாதிப்பேர் 53 வயதைத் தாண்டாதவர்கள். மற்ற நாட்டவர்களுக்கு அந்த வயது ஏறக்குறைய 59. பிள்ளைகளின் படிப்பு முடியாத, வீட்டுக் கடன் தீராத வயது அது.

• பி.பி. பார்க்கும் முன் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பாதம் தரையில், கை இதயத்தின் உயரத்தில். படியேறி வந்த கையோடு பார்த்த அளவை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது ஆபத்து. 140/90-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், தலைவலி எதுவும் இல்லாவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள். பி.பி. வலிப்பதில்லை.

• இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. நம் உடல்வாகுக்கு எல்லை. ஆள் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்றாலும் கணக்கு இதேதான்.

• வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கி, நின்றால் சரியாகிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். கெண்டைக்காலில் அதே மாதிரி நடந்தால் வலி, நின்றால் நிம்மதி என்றாலும் சொல்லுங்கள். காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

• பழைய ஈ.சி.ஜி.யையும் மாத்திரைச் சீட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். புதிய ஈ.சி.ஜி.யில் தெரிவது பழைய மாற்றமா இன்றைய மாற்றமா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

• முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஆஸ்பத்திரி ஃபைலோடு சேர்த்து வையுங்கள். நடுராத்திரியில் பீரோவைக் குடையக்கூடாது.

செய்யக்கூடாதவை

• சோடா, ஓமத் தண்ணீர், கேஸ் சிரப் குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே இரைப்பை. அடிச்சுவரில் அடைப்பு வந்தால் மேல்வயிறு எரியும், குமட்டும், வாந்தி வரும். வயிற்றுக்கோளாறு மாதிரியே இருக்கும். ஏப்பம் வந்து கொஞ்சம் இலேசானதை வைத்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. ஈ.சி.ஜி. எடுத்த பிறகு கேஸ் என்று தெரிந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வாருங்கள். அந்தச் செலவு வீண்செலவு இல்லை.

• நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாதீர்கள். பின்சீட்டிலும் வேண்டாம். மாரடைப்பின் முதல் மணி நேரத்தில் துடிப்பு தறிகெட்டு இதயம் நின்றுபோகும் அபாயம் அதிகம்.

• பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் சார்பிட்ரேட்டை நாக்கின் அடியில் வைக்காதீர்கள். அது ரத்தக்குழாயை விரித்து பி.பி.யை இறக்கும். ஏற்கெனவே பி.பி. விழுந்திருந்தாலோ, ஆண்மைக்கான மாத்திரை சாப்பிட்டு ஒன்றிரண்டு நாள்தான் ஆகிறது என்றாலோ, உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரை சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

• வாட்ஸ்அப்பில் வரும் 'வேகமாக இருமினால் மாரடைப்பு நிற்கும்' செய்தியை நம்பாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். இருமினால் குழாயில் உள்ள கட்டி கரையாது. 108-ஐ அழைக்க வேண்டிய நேரம்தான் போகும்.

• வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சு குளறினால், மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவென்றால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். அடைப்பென்றால் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

• சுகர் உள்ளவர் "வலி இல்லையே" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். பல வருட சர்க்கரை நோய் நரம்பை மழுங்கடித்திருக்கும். திடீர் மூச்சிரைப்பு, காரணமில்லாத வியர்வை, சோர்வு என்றுதான் அவருக்கு மாரடைப்பு தெரியவரும்.

• ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் ஓர் இடத்தை மட்டும்தான் விரித்து வைக்கிறது. குழாய் நெடுகக் கொழுப்பு இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை முதல் மாதங்களில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி உறையும். பல் பிடுங்கவேண்டும் என்றாலும் முதலில் இதய டாக்டரைக் கேளுங்கள்.

• கொழுப்பு குறைந்துவிட்டதென்று ஸ்டாடின் மாத்திரையை விடாதீர்கள். குறைந்ததே மாத்திரையால்தான். மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழேயே இருக்க வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சடித்திருக்கும் 100 அவருக்கு நார்மல் இல்லை.

• "ஒரு நாளைக்கு ஒரு சிகரெட்தானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஒன்றேகூட குழாயின் படலத்தைக் கெடுக்கும், ரத்தத்தைச் சீக்கிரம் உறையவைக்கும். பீடிக்கும் இதே கதைதான், வாயில் அடக்கும் புகையிலையும் நல்லதில்லை. விட்ட ஒரே வருடத்தில், புகையால் கூடியிருந்த ஆபத்து பாதியாகக் குறைகிறது. இதற்கு ஈடான மருந்து எந்த மெடிக்கல் ஷாப்பிலும் இல்லை.

• இந்துப்பு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று நினைக்காதீர்கள். அதிலும் சோடியம்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

• பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். சூடு ஏற ஏற அது கெட்டுப்போய் குழாய்க்குக் கெடுதல் செய்யும் பொருள்கள் உண்டாகின்றன. நாலு பேர் வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் எண்ணெய் போதும்.

• மூட்டுவலி, முதுகுவலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி நாள்கணக்காகச் சாப்பிடாதீர்கள். பி.பி.யை ஏற்றும், மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். இதய நோயாளி அதைத் தொடவே கூடாது.

• இந்த நேரத்தில் யாரை எழுப்புவது என்று தயங்காதீர்கள். பெண்கள்தான் அதிகம் தயங்குகிறார்கள். நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் முதுகு வலி, தாடை வலி, அசதி, குமட்டல் என்று அவர்களுக்கு வருவதும் உண்டு. "விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை மணியானாலும் எழுப்பலாம் என்று உங்கள் அம்மாவிடம் இன்றைக்கு இரவு படுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.