பால் கறப்பவரின் தோள்வலி

பசுவின் தீவனம், தொழுவத்தின் சுத்தம், பாலின் தரம் ஆகியவற்றைப்பற்றிச் சங்கக் கூட்டங்களில் அங்கத்தினர்கள் அடிக்கடி விசாரிப்பதுண்டு. கறக்கும் ஆளின் தோளைப்பற்றி விசாரிப்பவர் அரியர். வீடுவீடாகச் சென்று இரு வேளையும் கறந்து கொடுப்பவரோ, வலியென்று சொன்னால் பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சி வாய் திறப்பதில்லை.

நிமிடத்திற்கு ஒரு கைக்கு 60 பிடி வீதம் 6 நிமிடம் கறப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பசுவுக்கு 360 பிடி ஆகின்றது. 10 பசுக்களை இரு வேளை கறப்பவருக்கு நாளொன்றுக்கு 7,200 பிடி. பிடிப்பவை விரலும் முன்கையுமே ஆயினும், அக்கையைத் தாங்கி நிறுத்துவது தோள். ஒரு கையின் எடை உடலெடையில் ஏறக்குறைய 20-ல் 1 பங்கு. 50 கிலோ எடையுள்ளவர் எட்ட உட்கார்ந்து கையை நீட்டிக் கறப்பாராயின், அந்த 2½ கிலோ பாரமும் தோளிலேயே தொங்கும். அசையாது இறுகிநிற்கும் தசைக்கு இரத்த ஓட்டம் குறையும். தோளின் மேலெலும்புக்கும் புயத்தின் தலைக்கும் இடையே குறுகிய சந்தில் செல்லும் தசைநார், கை உயருந்தோறும் நெருக்குண்கின்றது. தலைமுடி சீவக் கையைத் தூக்குகையில் சுரீரென்று வலிப்பதும், அப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க இயலாமையும் இதன் குறிகள்.

எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, மறுநாளும் அவ்வாறே உட்காருவதால் பயனில்லை. காம்பு முழங்கைமட்டத்திற்கு மேற்போகாதபடி உயரம் பார்த்துச் செய்த முக்காலியில், முழங்கை விலாவையோ தொடையையோ சார்ந்திருக்கும்படி பசுவை ஒட்டி அமரவேண்டும். உதைக்கும் பசுவிடம் ஒட்டி அமரச் சொல்வது எளிது என்று கறப்பவர் சிரிக்கக்கூடும். அதற்குத்தான் அணைகயிறு இருக்கின்றது. கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுப்பது காம்பையும் புண்படுத்தும், தோளையும் வருத்தும். ஐந்து விரலாலும் பொதிந்து, மேலிருந்து கீழாக வரிசையாய் இறுக்கினால் கை ஏறி இறங்க வேண்டுவதில்லை. மடியைக் கழுவித் தடவியபின் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பால் தானே இறங்கும். அவ்விறக்கம் சில நிமிடமே நிற்குமாதலால், அதற்கு முன் தொடங்குபவரும் நடுவில் ஊர்க்கதை பேசுபவரும் வீணே பிசைகின்றனர்.

வலியுள்ளவர் கடைசிப் பாலை மடியிலேயே விட்டுவிடுவார். கொழுப்பு மிகுந்தது அப்பாலே. அது நாள்தோறும் தேங்கினால் சுரப்பும் குறையும். ஆகையால் இது சங்கத்தின் கணக்கிலும் சேர்ந்த விஷயம். முக்காலிகளைத் தச்சரிடம் ஒருமிக்கச் செய்விப்பதும், ஒருவருக்கே பசுக்களைக் குவிக்காமல் பங்கிடுவதும், ஓய்விலும் தணியாத வலியுடையவரை வைத்தியசாலைக்கு அனுப்பி, மாற்றாள் வைத்து, அவர் வேலையை அவருக்கே நிறுத்திவைப்பதும் நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்கத்தக்கவை.