அட்டவணையைப் பார்த்தேன், பிரிவைப் படிக்கவில்லை

2011-இல் நடந்தது. வழிப்பறி வழக்கில் கைதான பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருந்தான். இந்திய தண்டனைச் சட்டம் 392. அவன் அம்மா வாரம் தவறாமல் அலுவலகத்துக்கு வந்து, “எப்ப சார் விடுவாங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். செஷன்ஸ் கோர்ட்டிலும் ஜாமீன் தள்ளுபடியாகியிருந்தது. குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கிடைக்கும் ஸ்டாட்யூட்டரி பெயில் ஒன்றுதான் மிச்சம். அது 60 நாளா 90 நாளா என்று பார்க்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் புரட்டினேன். 392-க்கு எதிரே பத்து ஆண்டு கடுங்காவல் என்று போட்டிருந்தது. பத்து ஆண்டு என்றால் 90 நாள் என்று டயரியில் குறித்தேன்.

72-ஆம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

அன்று மாலை என் சீனியர் கேட்டது ஒன்றுதான்: “392-ஐப் படிச்சியாப்பா?” அட்டவணையைத்தான் பார்த்திருந்தேன், பிரிவைப் படிக்கவில்லை. பிரிவில் இருப்பது ‘பத்து ஆண்டு வரை நீடிக்கக்கூடிய’ தண்டனை. 90 நாளுக்கு நடைமுறைச் சட்டத்தின் 167(2) கேட்டதோ ‘பத்து ஆண்டுக்குக் குறையாத’ தண்டனை. முன்னது உச்ச வரம்பு, பின்னது குறைந்தபட்ச வரம்பு. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2001-லேயே ராஜீவ் சௌத்ரி வழக்கில் சொல்லிவிட்டது. 61-ஆம் நாள் காலையில் ஒரு மனு போட்டிருந்தால் பையன் வெளியே வந்திருப்பான். மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. அவன் இன்னும் ஐந்து வாரம் உள்ளே இருந்தான். அவன் அம்மாவிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். திட்டவில்லை.

புத்தகங்களையும் இணையதளங்களையும் பற்றி ஜூனியர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் இந்த வழக்கில்தான் தொடங்குவேன். எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன், எதை எதற்காகத் திறக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். அட்டவணை, டைஜஸ்ட், ஹெட்நோட், தேடல் முடிவு எல்லாம் வழிகாட்டிப் பலகைகள். நம்மை ஊர் கொண்டு சேர்ப்பது பிரிவின் மூலச் சொற்களும் தீர்ப்பின் முழு வாசகமும்தான்.

2024 ஜூலை 1 முதல் இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. 511 பிரிவுகள் கொண்ட இந்திய தண்டனைச் சட்டம் போய் 358 பிரிவுகளோடு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ்., சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பி.எஸ்.ஏ. இருபது வருடம் மனத்தில் ஊறிய எண்களெல்லாம் இடம் மாறிவிட்டன. 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு என்றிருந்தது. இப்போது அதே எண் முன்ஜாமீனுக்கு. ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. 173 என்றால் புலன் விசாரணையின் இறுதி அறிக்கை. இப்போது 173-இல் எஃப்.ஐ.ஆர்., இறுதி அறிக்கை 193-இல்.

பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ‘சங்கலன்’ என்றொரு செயலி வெளியிட்டிருக்கிறது. இலவசம், என் போனில் இருக்கிறது, தினமும் பார்க்கிறேன். ஆனால் ஒப்பீட்டு அட்டவணை எண்ணைத்தான் காட்டும், மாறிய சொல்லைக் காட்டாது. கவனக்குறைவால் மரணம் என்ற 304ஏ, 106 ஆனது என்று அட்டவணை சொல்லும். இரண்டு ஆண்டாக இருந்த உச்சத் தண்டனை ஐந்து ஆண்டானதைப் பிரிவைப் படித்தால்தான் தெரியும். விசாரணைக் கைதிகளுக்கான 436ஏ, 479 ஆனது. அதுவரை எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்தாலே விடுதலைக்குத் தகுதி பெறுகிறார் என்பது புதிதாக வந்த வாசகம். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்பதும் அதே பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. என்னைத் தடுக்கி விழவைத்த அந்த 167(2)கூட இப்போது 187(3). ‘பத்து ஆண்டுக்குக் குறையாத’ என்றிருந்தது ‘பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல்’ என்று மாறியிருக்கிறது. பழைய தீர்ப்பைக் காட்டுகிறவர் இரண்டு வாசகங்களையும் அருகருகே வைத்து வாதாடத் தயாராக இருக்க வேண்டும்.

இதனால் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் பழைய தண்டனைச் சட்டம்தான். அந்த வழக்குகள் இன்னும் பல ஆண்டு ஓடும். என் மேசையில் ரத்தன்லால் தீரஜ்லால் உரைநூலின் பழைய பதிப்பும் புதிய சட்டங்களின் வாசகம் மட்டும் அடங்கிய பேர் ஆக்ட்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர் முதல் பணத்தில் வாங்க வேண்டியது பேர் ஆக்ட். பெரிய உரைநூல்கள் பார் அசோசியேஷன் லைப்ரரியில் கிடைக்கும், அவசரமில்லை.

என் அனுபவத்தில், டிஃபன்ஸ் வக்கீலுக்கு அதிகம் கைகொடுப்பவை தீர்ப்புத் தொகுப்புகள் அல்ல. எதிரே நிற்பவரைக் கட்டுப்படுத்தும் புத்தகங்கள்தான். போலீஸுக்குத் தமிழ்நாடு காவல் நிலையாணைகள், கோர்ட்டுக்கு 2019-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை விதிகள், டாக்டருக்கு மோடியின் சட்ட மருத்துவம். ஊரில் இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டால் கேஸும் கவுண்டர் கேஸும் வரும். இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, எது உண்மை என்று முடிவுக்கு வர வேண்டும் என்கிறது நிலையாணை 566. அந்த விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது இதை எடுத்துக் கேட்டால், பத்துத் தீர்ப்பு செய்யாத வேலையை அந்த ஒரு கேள்வி செய்யும்.

மோடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. வரப்புத் தகராறு ஒன்றில் என் கட்சிக்காரர் அரிவாளால் வெட்டினார் என்பது வழக்கு. கல்லை விட்டெறிந்தேன், அரிவாள் என்னிடம் இல்லை என்றார் அவர். காயச் சான்றிதழில் தலையில் வெட்டுக்காயம் என்றிருந்தது. தலை, முன்னெற்றி போல எலும்புக்கு மேல் தோல் இறுகியிருக்கும் இடத்தில் மழுங்கிய பொருள் பட்டாலும், பார்வைக்கு வெட்டுக்காயம் போலவே பிளக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பு கந்தலாக இருக்கும், முடியின் வேர் நசுங்கியிருக்கும். இது மோடியில் தெளிவாக இருக்கிறது. டாக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கல்லாலும் இப்படி ஆகுமா? ஆகலாம் என்றார். அரிவாளும் கைப்பற்றப்படவில்லை. தண்டனை, ஆயுதத்தால் காயப்படுத்திய 324-இலிருந்து சாதாரணக் காயத்துக்கான 323-க்கு இறங்கியது.

இதில் ஒரு விதி உண்டு. டாக்டர் கூண்டில் இருக்கும்போதே அந்தப் பகுதியைக் காட்டிக் கேட்டுவிட வேண்டும். அவரிடம் கேட்காமல் விட்டுவிட்டு, வாதத்தின்போது புத்தகத்தைப் படித்துக் காட்டி அவர் கருத்தை உடைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1957-லேயே சொன்ன சங்கதி இது. நல்ல புத்தகத்தைத் தவறான நாளில் கொண்டுவந்து தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஜிட்டல் பக்கம் வருவோம். நான் தொழிலுக்கு வந்தபோது ஒரு தீர்ப்பு வேண்டுமென்றால் லைப்ரரி அலமாரியில் லா வீக்லி, எம்.எல்.ஜே. வால்யூம்களைத் தேடி, ஜெராக்ஸ் எடுத்து வர அரை நாள் போகும். இன்று உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளம் 2023 முதல் அதிகாரபூர்வத் தீர்ப்புகளைக் காசில்லாமல் தருகிறது. பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-கோர்ட்ஸ் தளம், மூலச் சட்டங்களுக்கு இந்தியா கோட், வாய்தா பார்க்க இ-கோர்ட்ஸ் செயலி. சிற்றூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கும் ஜூனியருக்கும் டெல்லி சீனியருக்கும் ஒரே தீர்ப்பு ஒரே நிமிடத்தில் கிடைக்கிறது. இதை நான் மனமாரக் கொண்டாடுகிறேன்.

தேடுவதற்கு இந்தியன் கானூன் போல வசதியானது இல்லை. அங்கே கிடைத்த தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் நாம்தான் பார்க்க வேண்டும். மின்னணுப் பதிவுக்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் சில சூழலில் தேவையில்லை என்று 2018-இல் ஷஃபி முகமது வழக்கில் ஒரு தீர்ப்பு வந்தது. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அது சரியல்ல என்றது. தேடினால் இன்றும் இரண்டும் வரும். அரசுத் தரப்பு முதல் தீர்ப்பை நீட்டினால், எழுந்து இரண்டாவதைக் கொடுக்க நம்மிடம் பிரதி இருக்க வேண்டும். புதிய சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு. சான்றிதழின் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பு கேட்கப்படுகிறது. அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சாட்ஜிபிடி பற்றியும் கேட்கிறார்கள். நீண்ட வாக்குமூலத்தைச் சுருக்கித் தரச் சொல்லலாம். தீர்ப்பு கேட்கக் கூடாது. 2023-இல் நியூயார்க்கில் அது இட்டுக்கட்டிக் கொடுத்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. என் அலுவலகத்தில் ஒரே கட்டுப்பாடுதான்: முழுத் தீர்ப்பை இறக்கி, நாம் நம்பும் பத்தியில் பென்சில் கோடு போடாமல் எந்த சைட்டேஷனும் மனுவுக்குள் போகாது.

இப்போது ரிமாண்ட் கேஸ் கட்டு வந்தால் அன்றைக்கே பேர் ஆக்ட்டில் பிரிவைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். பிறகு கட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் 60-ஆம் நாள், 90-ஆம் நாள் இரண்டையும் எழுதுகிறோம். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அலுவலகத்தில் இருந்த எல்லாக் கட்டுகளையும் இறக்கி ஒவ்வொரு தேதியையும் ஒருநாள் முன்னால் தள்ளித் திருத்தினோம். அன்று இரவு பதினொரு மணி ஆயிற்று.