செவி குறைந்த குழந்தையும் வீட்டுப் பேச்சும்

குழந்தைக்குத் தாய்மொழி கற்பிக்கப் பள்ளிக்கூடம் தேவைப்படுவதில்லை. தாய் சமைக்கும்போது பேசுகிறாள். தந்தை தொலைபேசியில் உரையாடுகிறார். பாட்டி பக்கத்து வீட்டு அம்மையாரிடம் ஊர்க்கதை சொல்கிறார். குழந்தை ஒரு மூலையில் விளையாடிக்கொண்டே இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்கிறது. யாரும் அதற்குப் பாடம் சொல்வதில்லை. அதுவும் பாடம் கேட்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. ஆயினும் மூன்றாம் ஆண்டு நிறைவதற்குள் வீட்டார் வியக்கும்படி பேசத் தொடங்கிவிடுகிறது. செவி குறைந்த குழந்தைக்கு இந்த வாயில் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். அத்தகைய குழந்தை வாழும் வீட்டில் மொழி எவ்வழியாக நுழைகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் மொழியியல் பயிலும் மாணவன். மைசூரில் என் தமக்கையின் இல்லத்தில் தங்கிப் படித்து வருகிறேன். தமக்கையின் இளைய மகளுக்கு இப்போது இரண்டு ஆண்டு எட்டு மாதம். அவளுக்கு இரு செவியிலும் 75 டெசிபெல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைவு. அருகிருந்து இயல்பாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல் என்பர். ஆகவே கருவி இல்லாதபோது எங்கள் பேச்சு அவளை எட்டுவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு செவியிலும் 70 டெசிபெல்லும் அதற்கு மேலும் குறைந்தோரைக் காது கேளாதோர் என்றும், 60 முதல் 70 வரை குறைந்தோரைக் கேட்கும் திறன் குறைந்தோர் என்றும் வகுக்கிறது. நூல்களில் கற்றதையும் இவ்வீட்டில் நாள்தோறும் காண்பதையும் இணைத்து இங்கே எழுதுகிறேன்.

காலம் என்னும் பொருள்

இவளுடைய குறை பதினான்காம் மாதத்தில்தான் தெரிய வந்தது. இத்தனை காலம் எப்படித் தெரியாமற் போயிற்று என்று நண்பர்கள் வியக்கலாம். கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் சிரிக்கும், கூவும், குரலெழுப்பும். கேட்கும் குழந்தைகள் பெரும்பாலும் பதினொரு மாதத்திற்குள் ‘பாபா’, ‘மாமா’ என்று மெய்யும் உயிரும் சேர்த்து அடுக்கத் தொடங்கும். கேளாத குழந்தையிடம் அது தாமதமாகும். இந்த வேறுபாட்டை வீட்டார் எளிதில் உணர்வதில்லை. குழந்தையின் பின்னே நின்று பாட்டி தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தார், குழந்தை திரும்பியது. தரையில் ஓடும் அதிர்வும், சுவரில் விழும் நிழலும், கை வீசும் காற்றும் திருப்பியிருக்கக் கூடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. “எங்கள் வீட்டுப் பிள்ளைகளே நேரம் கழித்துப் பேசுகிறவர்கள்தாம்” என்றார் பாட்டி. ஒரு மருத்துவரும், இரண்டு வயது வரை பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினார்.

பொறுத்திருக்க வேண்டிய காலம் இது அன்று. நலமுள்ள உட்செவி தானே ஒரு மெல்லிய ஒலியை வெளியிடுகிறது என்பதை 1978இல் டேவிட் கெம்ப் என்னும் ஆங்கில அறிஞர் கண்டறிந்து வெளியிட்டார். அதனைக் கொண்டு, பிறந்து ஓரிரு நாளான குழந்தையையும் தூங்கும்போதே சில நிமிடங்களில் சோதித்து விடலாம். பிறந்து ஒரு மாதத்திற்குள் முதற்சோதனை, மூன்று மாதத்திற்குள் முடிவான சோதனை, ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்பது இன்று பல நாட்டு வல்லுநரும் ஏற்றுள்ள வரையறை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 150 குழந்தைகளை ஆராய்ந்து 1998இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆறு மாதத்திற்குள் குறை அறியப்பட்ட 72 குழந்தைகள், பின்னர் அறியப்பட்ட 78 குழந்தைகளைவிட மொழியில் தெளிவாக முன்னேறியிருந்தனர். குறையின் அளவு சிறிதாயினும் பெரிதாயினும் இந்த வேறுபாடு காணப்பட்டது. நம் நாட்டிலும் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தில் பிறவிக் கேளாமை சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் எல்லா மகப்பேற்று விடுதிகளிலும் இச்சோதனை தானாக நடப்பதில்லை. பெற்றோர் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

குறை தெரிந்ததும் வீட்டில் எழுந்த முதற்கேள்வி, யாரால் வந்தது என்பது. என் தமக்கை மணந்தது எங்கள் மாமன் மகனை. பெற்றோர் இருவரும் கேளாமைக்குரிய ஒரே மரபணு மாற்றத்தை வெளித்தெரியாமல் தாங்கியிருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்புக் கேளாமைக்கு உண்டு. உறவுக்குள் மணந்தால் இருவரும் ஒரே மாற்றத்தைத் தாங்கியிருத்தல் எளிது. இதில் ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்தைப் பழிக்க இடமில்லை. மாற்றம் இருபுறத்திலிருந்தும் வந்தாலன்றிக் குறை தோன்றுவதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் அந்த வழக்கு ஓய்ந்தது.

கருவியும் அதன் எல்லையும்

செவிக்குப் பின்னே அமரும் கருவியை எங்கள் வீட்டில் ‘மிஷின்’ என்றே சொல்கிறோம். கருவி வந்துவிட்டால் கண்ணாடி அணிந்தது போலக் குறை நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கருவி ஒலியைப் பெருக்கித் தருகிறது. அவ்வொலியைச் சொல்லாக்கிக் கொள்ள மூளை நாள்தோறும் பழக வேண்டும். ஆகவே விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிதல் முதல் விதி. முதல் மாதத்தில் இவள் நாளொன்றுக்கு முப்பது முறையாவது கழற்றி எறிந்திருப்பாள். ஒவ்வொரு முறையும் தமக்கை சினமின்றி எடுத்து மாட்டுவார்.

கருவியைக் காப்பதே ஒரு தனி வேலை. செவித்துளையில் பொருந்தும் அச்சு, குழந்தை வளர வளரத் தளர்ந்துவிடும். தளர்ந்தால் ஒலி கசிந்து சீழ்க்கை எழும். சில மாதங்களுக்கு ஒரு முறை புது அச்சு எடுக்க வேண்டும். துத்தநாகக் காற்று பாட்டரி, ஒட்டியுள்ள தாளை உரித்ததும் வேலை செய்யத் தொடங்கி, ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் தீரும். அதைக் குழந்தை விழுங்கிவிட்டால் பெருந்தீங்கு. ஆதலால் கருவியில் பூட்டுள்ள மூடி வேண்டும். இரவில் ஈரம் போக்கும் டப்பியில் கருவியை வைக்கிறோம். பாட்டரி மாற்றும் நாளை நாட்காட்டியில் குறிப்பவர், தாம்பாளம் தட்டிப் பார்த்த அதே பாட்டிதான்.

காலையில் ஒரு சிறு சோதனை நடக்கும். கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் என்னும் அறிஞர் வகுத்த முறை அது. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளைக் குழந்தையின் பின்னிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டதும் அவள் ஒரு மரக்கட்டையைத் தகரப் பெட்டியில் போடுவாள். ஊ, ம் ஆகியவை தாழ்ந்த ஒலிகள்; ஸ் மிக உயர்ந்தது, அதன் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்சுக்கு மேல் இருப்பது. ஒரு நாள் ‘ஸ்’ சொன்னபோது கட்டை விழவில்லை. கருவியின் குழாயில் ஈரம் கோத்திருந்தது. அதைக் கவனியாமல் விட்டிருந்தால் அன்று முழுவதும் ‘சோறு’, ‘சட்டை’ என்னும் சொற்களின் முதலொலி அவளுக்கு எட்டியிராது.

கருவிக்குத் தொலைவும் பகை, இரைச்சலும் பகை. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 60 ஆக இருக்கும் குரல் இரண்டு மீட்டரில் 54, நான்கு மீட்டரில் 48. அடுக்களையிலிருந்து கூடத்திற்குக் குரல் கொடுப்பது நம் வழக்கம். இக்குழந்தைக்கு அது பயன்படாது. மிக்சி ஓடும்போது பேச்சு வேண்டாம். யாரும் பாராத தொலைக்காட்சியை நிறுத்திவிட வேண்டும். அருகே சென்று, தோளைத் தொட்டு, அவள் கண்ணுக்கு நேரே முகம் தாழ்த்திப் பேச வேண்டும். அவளுடைய ஆறு வயது அண்ணன் இதனை எங்களுக்கு முன்பே கற்றுக்கொண்டான்.

உதடு காட்டுவதும் மறைப்பதும்

செவியில் குறைவதைக் கண் ஓரளவு ஈடு செய்யும். எவ்வளவு ஈடு செய்யும் என்பதை நம் இலக்கணமே விளக்கும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் இடத்தை வகுத்துரைத்தார். பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்தப் பிறப்பன. ககரமோ நாவின் அடி அண்ணத்தைப் பொருந்தப் பிறப்பது. முன்னவை கண்ணுக்குத் தெரியும்; பின்னது தெரியாது. அம்மா, அப்பா, மாமா, பாப்பா என்னும் சொற்களெல்லாம் உதட்டில் பிறப்பதால் குழந்தை அவற்றைக் கண்டும் கற்கிறது. ‘அக்கா’ என்னும் சொல் வாய்க்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக் குழந்தை ‘மாமா’ என்று என்னை விரைவில் அழைத்துவிட்டாள். அடுத்த வீட்டு அக்காவை இன்னும் ‘ஆ-ஆ’ என்றே அழைக்கிறாள்.

தெரிவனவற்றிலும் மயக்கம் உண்டு. படி, மடி; பணம், மணம்; பாடு, மாடு ஆகிய இணைகளைக் கண்ணாடி முன் நின்று ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே தோன்றும். எனவே உதட்டை மட்டும் நம்பிக் கற்பிக்க முடியாது. செவியும் கண்ணும் பொருளும் ஒன்றுசேர வேண்டும். உணவின்போது தமக்கை ‘அப்பளம்’ என்று முதலில் சொல்வார், பின்னர் அப்பளத்தைக் காட்டுவார், மீண்டும் சொல்வார். சொல்லிவிட்டுச் சற்றே காத்திருப்பார். அந்தக் காத்திருத்தலில்தான் குழந்தைக்குப் பேச முறை கிடைக்கிறது.

முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டிப் பேசினால் முகம் நிழலாகிவிடும். என் அத்தான் தம் அடர்ந்த மீசையை மேலுதடு தெரியும்படி குறைத்துக்கொண்டார். மின்சாரம் தடைப்படும் இரவுகள் கடினமானவை. கருவியைக் கழற்றிய பின் விளக்கும் அணைந்தால் குழந்தைக்கு எங்கள் பேச்சும் இல்லை, முகமும் இல்லை. அதனால் படுக்கையருகே எப்போதும் ஒரு டார்ச் விளக்கு இருக்கும். அதை அவள் முகத்தில் அடிப்பதில்லை. எங்கள் முகத்தில் அடித்துக்கொள்கிறோம்.

காதில் விழும் கல்வி

‘காதில் விழுந்தது’ என்று நாம் சொல்வது மிகப் பொருள் உடையது. நம் அறிவில் பெரும்பகுதி நமக்கென்று சொல்லப்படாமல் காதில் விழுந்ததே. தாத்தா ஊருக்குப் போகப் போகிறார் என்பதும், அண்ணன் ஏன் அழுகிறான் என்பதும், எல்லாரும் எதற்குச் சிரித்தார்கள் என்பதும் இவ்வாறே குழந்தைக்குத் தெரிகின்றன. செவி குறைந்த குழந்தைக்கு இவை திடீரென நிகழும் செயல்கள், காரணம் இல்லாதவை. சோறு, பால், வா, போ என்னும் சொற்களை மட்டும் அவளிடம் பேசி, மற்றதைத் தம்முள் பேசிக்கொள்ளும் வீட்டில் அவள் விருந்தாளி போல வளர்வாள்.

இதற்கு ஓர் ஆய்வுச் சான்று உண்டு. 1995இல் பீட்டர்சன், சீகல் என்னும் இருவர் ஆசுதிரேலியாவில் கேளாத சிறார்களைச் சோதித்தனர். ஒருத்தி தன் பொருளைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் இல்லாதபோது மற்றொருத்தி அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவள் எங்கே தேடுவாள்? கேட்கும் குழந்தைகள் பெரும்பாலும் நான்கைந்து வயதில் ‘கூடையில்’ என்று சரியாகச் சொல்லுவர். கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த கேளாத சிறாருள் பலர், எட்டு வயதைக் கடந்தும், பிறர் மனத்தில் உள்ளதை இவ்வாறு கணிக்கத் தடுமாறினர். ஆனால் கேளாத பெற்றோரிடம் பிறந்து, பிறந்த நாள் முதல் சைகை மொழியில் உரையாடி வளர்ந்த கேளாத குழந்தைகள் இதில் பின்தங்குவதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இரு சாராருக்கும் செவி ஒன்றே. வேறுபட்டது வீட்டின் உரையாடல். இதைவிட வலிய சான்று நமக்கு வேண்டியதில்லை.

எனவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். வாயில் மணி அடித்தால் அவளையும் அழைத்துச் செல்வோம். காதைத் தொட்டுக் காட்டி, “மணி அடித்தது, பால்காரர் வந்தார்” என்போம். எல்லாரும் சிரித்தால் யாராவது ஒருவர் அவளிடம் குனிந்து காரணம் சொல்வோம். அவளுக்குப் புரியாது என்று விடுவதில்லை. பாவம் குழந்தை என்று கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவதும் இல்லை. கொடுக்காததன் காரணத்தையும் சொல்லுகிறோம். சொல்லப்படும் காரணங்களிலிருந்துதான் ‘அதனால்’, ‘இல்லையென்றால்’, ‘நாளைக்கு’ என்னும் சொற்கள் பிறக்கும்.

சைகையும் பேச்சும்

சைகை கற்றால் பேச்சு வாராது என்று அஞ்சுவோர் இன்றும் உளர். 1880இல் மிலான் நகரில் கூடிய கேளாதோர் கல்வி மாநாடு, பேச்சு முறையே உயர்ந்ததென்று தீர்மானித்துச் சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்க வழிசெய்தது. 130 ஆண்டுகள் கழித்து, 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அத்தீர்மானங்களை மறுத்து வருத்தம் தெரிவித்தது. நம் நாட்டில் 2015இல் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தில்லியில் அமைக்கப்பட்டது. 2018இல் 3,000 சொற்களுடன் வந்த அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. நாங்கள் பேச்சோடு சைகையையும் கற்று வருகிறோம். குளிக்கும்போதும் உறங்கப் போகும்போதும் கருவி இல்லை. அந்த நேரத்திற்கும் அவளுக்கு ஒரு மொழி வேண்டுமன்றோ?

கருவி அணிந்து பதினாறு மாதம் ஆகிறது. இவள் எண்பது சொற்கள் அளவில் பேசுகிறாள். ‘பால் இல்லை’, ‘மாமா போ’ என்று இரண்டைக் கோக்கத் தொடங்கியிருக்கிறாள். இவ்வயதில் கேட்கும் குழந்தைகள் பல நூறு சொற்களை ஆளும். கடக்க வேண்டிய தொலைவு இன்னும் மிகுதி. முதல் மூன்று ஆண்டுகளோ முடியும் தறுவாயில் உள்ளன.

இத்துறையில் பணிபுரியும் நிலையங்கள் நமக்கு எட்டாதவை அல்ல. 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் நம் மைசூரிலேயே மானசகங்கோத்திரியில் இருக்கிறது. 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா பள்ளி வயதிற்கு முந்திய கேளாத குழந்தைகளுக்கு உரியது. மும்பையில் 1983 முதல் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் உள்ளது. நண்பர்களே! விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உற்றார் வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் செவிச் சோதனை ஆயிற்றா என்று கேளுங்கள். காதில் கருவி அணிந்த குழந்தையைக் கண்டால், பெற்றோரிடம் அதன் குறையை விசாரிப்பதை நிறுத்தி, குழந்தைக்கு எதிரே ஒளி விழும் இடத்தில் அமர்ந்து, அதனோடு பேசுங்கள்.