கைபேசிக்கும் வாசல் உண்டு



சென்ற ரமளானுக்கு முன் என் மகள் என் கைபேசியில் தொழுகை நேரம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். திறந்த உடனே, "உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்டது. நான் படித்துக்கூடப் பார்க்காமல் சம்மதம் கொடுத்துவிட்டேன். நம்மில் பலரும் இப்படித்தான் செய்கிறோம். தொழுகைக்கான ஆப் தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கிறோம். அதில் என்ன வந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடந்தது என்ன?

'முஸ்லிம் ப்ரோ' என்ற ஆப் உலகம் முழுவதும் 9 கோடியே 80 லட்சம் தடவைக்கு மேல் பதிவிறக்கம் செய்யப்பட்டது. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டுவது அதன் வேலை. அதைப் பயன்படுத்துவோரின் இருப்பிட விவரம் 'எக்ஸ்-மோட்' என்ற அமெரிக்க நிறுவனத்துக்குப் போகிறது என்று 2020 நவம்பரில் 'மதர்போர்டு' என்ற அமெரிக்க இதழ் வெளிப்படுத்தியது. இருப்பிட விவரங்களைச் சேர்த்து விற்பதே எக்ஸ்-மோடின் தொழில். அமெரிக்க ராணுவத்துக்குப் பணி செய்யும் ஒப்பந்த நிறுவனங்களும் அதனிடம் வாங்கியவர்களில் இருந்தன.

ராணுவத்துக்குத் தாங்கள் நேரடியாக எதையும் விற்கவில்லை என்று முஸ்லிம் ப்ரோ மறுத்தது. எக்ஸ்-மோடுடனான தொடர்பையும் உடனே துண்டித்தது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் மென்பொருளை ஆப்களிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டன. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், வழிபாட்டுத் தலம், மருத்துவமனை போன்ற இடங்களுக்கு ஒருவர் போய் வந்ததைக் காட்டும் விவரங்களை விற்க அந்நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

எப்படி நடக்கிறது?

இலவச ஆப்பை நடத்தவும் பணம் வேண்டும். விளம்பரத்தில் ஒரு பகுதி வருகிறது. இன்னொரு வழி, வேறொரு நிறுவனத்தின் சிறு மென்பொருள் துண்டை ஆப்புக்குள் வைக்க இடம் கொடுப்பது. இருப்பிடத்துக்கு நாம் ஆப்பிடம் கொடுத்த அனுமதியை அந்தத் துண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. நம் பெயர் அதில் இருக்காது. ஆனால் ஒரு கைபேசி இரவில் எந்த வீட்டில் இருக்கிறது, பகலில் எந்தக் கடையில் இருக்கிறது, ஜும்ஆவுக்கு எந்தப் பள்ளிவாசலில் நிற்கிறது என்று தெரிந்தால், அது யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு?

மார்க்கம் கற்றுத் தந்த ஒழுங்கு

பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லிய பிறகே நுழைய வேண்டும் என்று சூரா அந்நூர் 27ஆம் வசனம் கற்பிக்கிறது. வீட்டார் திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்கிறது அடுத்த வசனம். பிறர் விவகாரங்களைத் துருவித் துருவி ஆராய்வதைச் சூரா அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் தடுக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் துவாரம் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தபோது, பார்வையைக் காக்கவே அனுமதி கேட்கும் சட்டம் வந்தது என்று அவர்கள் விளக்கியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

வாசற்படியில் நிற்பவரை யார், என்ன வேலை என்று கேட்காமல் நாம் உள்ளே விடுவதில்லை. கைபேசியில் அனுமதி கேட்கும் அந்தச் சிறு கட்டமும் ஒரு வாசற்படிதான். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

நம்மால் முடிந்தவை

பெரிய நிறுவனங்களோடு போராடும் பலம் நம்மிடம் இல்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். அவர்களுக்குப் போய்ச் சேர்வது நாம் ஒவ்வொருவரும் தருவதுதான். தேவைக்கு மேல் தராமல் இருந்தாலே போதும்.

1. தொழுகை நேரத்துக்கு நம் தெரு தெரிய வேண்டியதில்லை. தீர்க்கரேகை ஒரு பாகை மாறினால் நேரம் 4 நிமிடம் மாறும். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் லுஹர் நேரத்தில் வித்தியாசம் சுமார் 13 நிமிடம்தான். ஆகவே ஆப்பில் ஊர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணையும் பாங்கும் யாரையும் வேவு பார்ப்பதில்லை.

2. கிப்லாவும் அப்படியே. தமிழகத்தில் அது மேற்கிலிருந்து சற்று வடக்காக இருக்கிறது. ஒருமுறை பார்த்து வீட்டில் அடையாளம் வைத்துவிட்டால் தினமும் ஆப் தேவையில்லை.

3. செட்டிங்ஸில் 'லொகேஷன்' பகுதியைத் திறந்து, எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். வழி காட்டும் ஆப்புக்கு, பயன்படுத்தும்போது மட்டும் அனுமதி கொடுங்கள். டார்ச் லைட்டுக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் அது எதற்கு?

4. ஜவுளிக் கடையில் பில் போடும்போது கைபேசி எண் கேட்டால், "எண் இல்லாமலே பில் போடுங்கள்" என்று சொல்லுங்கள். எண்ணைத் தரும்படி வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

5. ஆதார் நகல் கொடுக்க வேண்டிய இடத்தில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகல் போதுமா என்று முதலில் கேளுங்கள். அந்த நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் மீதும் பொறுப்பு உண்டு

ஊருக்கு உபதேசம் செய்யும் முன் என் தவறைச் சொல்ல வேண்டும். ஒரு வருடம், கல்வி உதவி பெற்ற மாணவர்களின் பட்டியலைப் பெயர், தெரு, கைபேசி எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மறுநாள் ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். "அண்ணே, உதவி கேட்டு உங்ககிட்டதான் வந்தேன். ஊருக்கே ஏன் சொன்னீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பட்டியலை அப்போதே நீக்கினேன். அதற்குள் எத்தனை கைபேசிகளில் அது தங்கிவிட்டதோ, அல்லாஹ்வே அறிந்தவன். வெளியே போன விவரம் திரும்பி வருவதில்லை என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

அதன் பிறகு வரவு செலவைத் தொகையாக மட்டும் வெளியிடுகிறோம். உதவி பெறுபவரின் முகத்தைப் படம் எடுப்பதில்லை. விண்ணப்பத்தில் தேவையில்லாத கேள்விகளை எடுத்துவிட்டோம். வேலை முடிந்ததும் நகல்களைக் கிழித்து அழிக்கிறோம். நம்மிடம் வரும் ஒருவரின் விவரமும் அமானிதம்தான். பெரிய நிறுவனத்திடம் எதிர்பார்க்கும் ஒழுங்கை முதலில் நாம் கடைப்பிடிக்க வேண்டும்.

இந்த வாரம் வீட்டில்

இஷாவுக்குப் பிறகு கால் மணி நேரம் குடும்பத்தோடு உட்காருங்கள். ஒவ்வொருவரின் கைபேசியிலும் இருப்பிட அனுமதிப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு ஆப்பையும் பார்த்து, "இதற்கு இது எதற்கு?" என்று கேளுங்கள். பதில் இல்லாத அனுமதியை மூடிவிடுங்கள். வழி தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் உதவட்டும்.

நம் வீடுகளின் கண்ணியத்தையும் பிறரின் கண்ணியத்தையும் காப்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்