ஆறும் புண்ணும் ஆறாத புண்ணும்

“வாய்ப்புண்தானே, உடம்பில் சூடு ஏறிவிட்டது; இளநீர் குடி, ஆறிவிடும்!” தோட்டத்து வீடுகளில் வளர்ந்த நம்மில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க மாட்டார். பெரும்பாலும் புண் ஆறியும் விடுகிறது. ஆறாத புண் ஒன்றையும் இதே சொற்களால் ஒதுக்கிவிடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையிலிருந்து வந்த இரு பழக்கங்கள்

கேமரன் மலையில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்திலும், பின்னர் உருவான பிற தோட்டங்களிலும் உழைத்தவர்களுள் தமிழர் பலர். இன்று கொழுந்து எடுப்போரில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அன்றைய தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் பலர் மலையிறங்கிப் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டனர். தோட்ட வாழ்க்கையின் இரு பழக்கங்கள் மட்டும் பல குடும்பங்களில் நிலைத்துவிட்டன. ஒன்று, வேளைக்கு வேளை தேநீர். மற்றொன்று, வெற்றிலை பாக்கு. இரண்டுக்கும் நம் வாயின் நலத்தோடு தொடர்பு உண்டு.

திரும்பத் திரும்ப வரும் புண்

கன்னத்தின் உட்புறத்திலும் உதட்டின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் வட்டமாகத் தோன்றி, நடுவில் வெளிர்மஞ்சளாகவும் விளிம்பில் சிவந்தும் காணப்படும் சிறு புண்ணை மருத்துவர்கள் ‘ஆப்தஸ்’ புண் என்பர். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது வாழ்நாளில் எப்போதேனும் வருவதாகக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கும். இது பிறருக்குத் தொற்றாது. சிறிய புண் 7 முதல் 14 நாளில் தழும்பின்றி ஆறிவிடும். 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புண் ஆறுவதற்குப் பல வாரங்கள் ஆகலாம்.

குடும்ப வழி, பல் கடித்த காயம், தேர்வு நேரத்து மனஅழுத்தம், சில பற்பசைகளில் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்ஃபேட் ஆகியவை இதைத் தூண்டக்கூடும். இரும்புச்சத்து, ஃபோலேட், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைபாடும் காரணமாகலாம். இங்குதான் தேநீர் வந்து சேர்கிறது. தேநீரிலுள்ள பாலிஃபீனால்கள் கீரை, பருப்பு போன்றவற்றில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிணைத்து, உடலில் சேரவிடாமல் குறைக்கின்றன. ஆகவே, இரத்தசோகை உள்ளவர்கள் பசியாறும்போதே தேநீர் குடிக்காமல் ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நன்று. பி12 சத்து தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை என்பதைச் சைவ உணவினர் நினைவில் கொள்ள வேண்டும்.

நாமே செய்யக்கூடியவை

1. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளுக்குச் சில முறை வாய் கொப்பளிக்கலாம்.

2. காரம், புளிப்பு, கொதிக்கும் பானங்களைப் புண் ஆறும் வரை தவிர்க்கலாம். மென்மையான தூரிகையால் பல் துலக்கலாம்.

3. குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிப்பு மருந்து கிருமித்தொற்றைத் தடுக்க உதவும். அதைப் பயன்படுத்தும் நாள்களில் தேநீர் மிகுதியாகக் குடித்தால் பற்களில் கறை படியும்.

4. டிரையம்சினோலோன் பசை போன்றவற்றை மருந்தாளரின் ஆலோசனையோடு, புண் தோன்றிய தொடக்கத்திலேயே தடவினால் பயன் மிகுதி.

5. புண்ணின்மேல் ஆஸ்பிரின் மாத்திரையையோ சுண்ணாம்பையோ வைக்கவே கூடாது. அவை சதையைப் பொசுக்கிவிடும்.

மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் நம் வீட்டு வழக்கங்கள், உண்பதில் தவறில்லை. ஆனால், அடிக்கடி புண் வந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். கண் சிவத்தல், பிறப்புறுப்பில் புண், நீடித்த வயிற்றுப்போக்கு, எடை குறைதல் ஆகியவை சேர்ந்து வந்தால் மருத்துவரைக் கட்டாயம் காணவேண்டும்.

வலிக்காத புண்

ஆப்தஸ் புண் கடுமையாக வலிக்கும். வாய்ப்புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. “வலிக்கவில்லையே, பிறகென்ன?” என்னும் எண்ணமே பலரைத் தாமதிக்கச் செய்கிறது.

1993-94ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நாடு தழுவிய வாய் நல ஆய்வு ஒன்று நடந்தது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் இந்தியர்களிடமே மிகுதியாக இருந்ததை அது காட்டியது. வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். “நான் புகையிலை சேர்ப்பதில்லை” என்று சொல்வோர் உண்டு. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவத்தின் வல்லுநர் குழு 2003இல் முடிவு செய்தது. பாக்கே அதில் குற்றவாளி.

வெண்மை அல்லது சிவப்புத் திட்டு, விளிம்பு தடித்த புண், வாய் முன்போல் திறக்காமை, கழுத்தில் கட்டி ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள்.

பதினான்கு நாள் கணக்கு

புண் தோன்றிய நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். 14 நாள் கடந்தும் ஆறாவிட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல்மருத்துவரிடம் காட்டுங்கள். “பல்லே இல்லை, எனக்கெதற்குப் பல் டாக்டர்?” என்று பாட்டி கேட்பார். பல்மருத்துவர் வாய் முழுவதையும் பார்ப்பவர் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கேமரன் மலையில் இருப்போர் தானா ராத்தா மருத்துவமனையை நாடலாம்.

பாட்டியிடம் வெற்றிலைப் பெட்டியை உடனே பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு, “ஆ காட்டுங்கள், பாட்டி” என்று கேளுங்கள். நாம் படித்த படிப்பு நம் வீட்டுக்குப் பயன்பட அந்த ஒரு நிமிடம் போதும்.