பலகைக்குப் பசை வேண்டாம்: சட்டக் கதவின் கணக்கு

மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொண்டால் நாம் உடனே மரத்தைத்தான் குறை சொல்கிறோம். "மட்டமான மரம், உப்பிவிட்டது" என்கிறோம். உண்மையில் எல்லா மரமும் உப்பும். விலையுயர்ந்த செங்கால் மரமும் உப்பும். தேக்கு சற்றுக் குறைவாக உப்பும், அவ்வளவுதான். அந்த உப்பலுக்கு இடம் விட்டுக் கதவைச் செய்தார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சட்டக் கதவு என்பது கனமான சட்டங்களைக் கூடாகப் பூட்டி, நடுவில் மெல்லிய பலகைகளைச் செருகிச் செய்யும் கதவு. ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இத்தகைய கதவுகளை இன்றும் காணலாம். செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாவிலிருந்து தேக்கு வந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் சட்டமும் பலகையும் நமக்கு மட்டுமே உரியவை அல்ல. சீனரும் ஐரோப்பியரும் இதே முறையைக் கையாண்டார்கள். மரம் எங்கும் ஒரே மாதிரிதானே நடந்துகொள்கிறது!

மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பின்பு வெளிவிடும். அப்போது அதன் நீளம் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலம்தான் மாறும். மெராந்தி போன்ற மரத்தில் ஈரம் 1 விழுக்காடு கூடினால் அகலம் சுமார் 0.25 விழுக்காடு கூடும். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்தவை. இரண்டுக்கும் இடையில் மரத்தின் ஈரம் 3 விழுக்காடு மாறுவதாக வைத்துக்கொள்வோம்.

செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டுச் சமையலறைப் பின்கதவு பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்தது. அகலம் 800 மில்லிமீட்டர். கணக்குப்படி அது 6 மில்லிமீட்டர் விரியும். அதனால்தான் ஆண்டுதோறும் அக்டோபரில் என் பாட்டி அதைத் தோளால் இடித்துத் திறந்தார். 78 வயதில் அது செய்யத் தக்க வேலையா?

புதுக் கதவும் 800 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் குறுக்குச் சட்டங்களின் நீளவாக்கு கதவின் அகலவாக்கில் அமைகிறது. நீளவாக்கில் மரம் மாறாது அல்லவா? ஆகவே அகலத்தில் விரிபவை இரண்டு பக்கச் சட்டங்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் 110 மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்து விரிவது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பலகைகளும் விரியும், ஆனால் அவை காடிக்குள், அதாவது சட்டத்தின் உள்விளிம்பில் இழைத்த நீளப் பள்ளத்துக்குள், தாமே நகர்ந்துகொள்ளும். இந்த ஏற்பாட்டை முதன்முதலில் கண்டுபிடித்தவர் எந்தக் கணக்குப் புத்தகமும் இல்லாமல்தான் கண்டுபிடித்திருப்பார்.

புக்கிட் மெர்தாஜாமில் தச்சு வேலை செய்யும் என் மாமாதான் எனக்கு ஆசான். உளி, இழைப்புளி என்ற சொற்களை அவரிடம்தான் வாயாரக் கேட்டேன். கடையில் கேட்டால் பாஹாட், கெத்தாம்தான். (கெத்தாம் என்றால் மலாயில் நண்டும்கூட. இழைப்புளி வாங்கி வருகிறேன் என்று நான் சொல்லாமல் கெத்தாம் என்றதால் அம்மா குழம்புக்குப் புளி கரைத்துவிட்டார்.)

சூளையில் உலர்த்திய 38 மில்லிமீட்டர் கன மெராந்தியை வாங்கி, மூன்று வாரம் வீட்டுக்குள் அடுக்கி வைத்தோம். இரண்டு பக்கச் சட்டங்கள், மூன்று குறுக்குச் சட்டங்கள், நடுவில் மேலொன்றும் கீழொன்றுமாக 100 மில்லிமீட்டர் அகலச் சிறு சட்டங்கள், நான்கு பலகைகள். குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்குப் போல் மெலிதாக்கி, பக்கச் சட்டத்தின் துளையில் செருக வேண்டும். நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. 12 மில்லிமீட்டர் உளி அதற்குச் சரியாக அமையும். 200 மில்லிமீட்டர் அகலமான நடுச் சட்டத்துக்கும் அடிச் சட்டத்துக்கும் ஒரே நாக்கு ஆகாது. இரண்டாகப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாக்கே உப்பிப் பொருத்தைப் பிளக்கும். பக்கச் சட்டத்தை இரு முனையிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுத்தான் துளை போட வேண்டும். மிச்சத்தைக் கடைசியில் அறுக்கலாம். முன்னதாக அறுத்தால் துளையின் ஓரம் வெடிக்கும்.

ஒவ்வொரு பலகையும் வெளியே தெரிவது 240 மில்லிமீட்டர். காடியின் ஆழம் பக்கத்துக்கு 12. ஆக மொத்த இடம் 264. பலகையை 260 ஆக அறுத்தோம். நாங்கள் செய்தது பிப்ரவரியில், பலகை வற்றியிருந்த நேரம். அக்டோபரில் அது சுமார் 2 மில்லிமீட்டர் விரியும். மழைக்காலத்தில் செய்பவர் இவ்வளவு இடம் விடத் தேவையில்லை.

முதலில் பசையில்லாமல் பூட்டிப் பார்த்து, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தோம். இரண்டு அளவும் ஒன்றானால் கதவு கோணவில்லை. பிறகு குறுக்கும் நடுவும் சேர்த்து, பலகைகளைச் செருகி, கடைசியாகப் பக்கச் சட்டங்களை அடித்து ஏற்றினோம். நாக்குகளில் மட்டும் பசை, ஆப்பு. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "பலகையில ஒரு சொட்டுப் பசை படக்கூடாது. ஒட்டுனா மழையில சட்டத்த தள்ளும், வெயில்ல தானே கிழிஞ்சுக்கும்."

பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினோம். அக்டோபரில் அளந்தபோது, இரு பக்கமும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இடைவெளி சுருங்கியிருந்தது. பாட்டி கதவை ஒரு கையால் திறந்தார்.

செய்து பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். பலகைகளுக்குச் சாயத்தைப் பூட்டுவதற்கு முன்பே அடித்துவிடுங்கள். பின்னால் அடித்தால், பலகை சுருங்கும்போது விளிம்பில் சாயமில்லாத வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். கதவைக் கீலில் மாட்டுமுன் அதன் தலையிலும் அடியிலும் சாயம் பூச வேண்டும். பக்கச் சட்டங்களின் வெட்டுமுனைகள் அங்கேதான் இருக்கின்றன. தண்ணீரை மிக வேகமாகக் குடிப்பவை அவையே. மாட்டிய பிறகு அடியில் தூரிகை நுழையாது.