உருவமில்லாப் பாடகியும் நம் கடைச் சரக்கும்

 

கைப்பேசியில் ஆடியும் பாடியும் பேசியும் வரும் உருவங்களில் மனிதரல்லாதவை இப்போது பல. அவற்றின் வகையறிவது வியாபாரிகளாகிய நமக்கு அவசியமாகும்.

முதலாவது, 2007-ல் ஜப்பானின் சப்போரோ நகரத்துக் கம்பெனியொன்று வெளியிட்ட ஹட்சுனே மிக்கு. உண்மையில் இது ஒரு வாத்தியம். நடிகை ஒருவரின் குரலைப் பதிந்து கணினியில் வைத்தார்கள். இசையமைப்போர் அதைக் கொண்டு பாட வைக்கிறார்கள். இரண்டாவது, 2016-ல் தோன்றிய கிஸுனா ஐ போன்றவை. சித்திர முகத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்து பேசுவார். ரசிகர்கள் பணம் அனுப்பினால், அவர்கள் எழுதியதை வாசித்து நன்றி சொல்வதும் இவ்வகையில் வழக்கம். மூன்றாவதில் பேசும் ஆளே இல்லை. 2022 டிசம்பரில் வந்த நியூரோ-சாமாவில், ரசிகர்கள் எழுதுவதற்குக் கணினியே பதில் சொல்கிறது.

இம்மூன்றையும் மக்கள் விஷயம் தெரிந்தே பார்க்கிறார்கள். இதே வித்தையை மறைத்துச் செய்யும்போதுதான் மோசம் பிறக்கிறது. தம்மைப் போலவே முகமும் குரலும் செய்து முதலீட்டுக்கு அழைத்த படத்தை நம்ப வேண்டாமென்று, அன்றைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் 2023 டிசம்பரில் எச்சரித்தார். ஹாங்காங்கில் ஒரு கம்பெனி ஊழியர், காணொளிக் கூட்டத்தில் தோன்றிய போலி மேலதிகாரிகளை நம்பி 20 கோடி ஹாங்காங் வெள்ளியை அனுப்பிவிட்டார். இது 2024-ல் வெளிவந்த செய்தி.

நமக்கும் ஒரு சோதனை வந்தது. கடைப் பையன் கணினியில் ஒரு பெண்ணுருவம் செய்து, “பத்து வருஷமாக இந்த மசாலாத்தூளைத்தான் வாங்குகிறேன்” என்று பேச வைத்துக் கொண்டுவந்தான். அழகாகத்தான் இருந்தது, விற்பனையும் ஏறும். ஆனால் அப்பெண் பிறக்கவுமில்லை, வாங்கவுமில்லையே!

மதீனாவின் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுள் கைவிட்டுப் பார்க்க, உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இல்லாத வாடிக்கையாளரின் சாட்சியமும் ஈரத்தின் மேல் பரப்பிய உலர்ந்த தானியமே. அந்தப் படத்தை நாம் போடவில்லை.

ஆகவே, கணினியால் செய்த உருவத்தைப் போட்டால் அதன் கீழ் அப்படியே எழுதிவிடுவோம். காட்டும் சரக்கு கடையில் உள்ள சரக்காகவே இருக்கட்டும். பெற்ற மகனே காணொளியில் பணம் கேட்டாலும், நம்மிடமுள்ள எண்ணில் கூப்பிட்டு விசாரித்த பிறகே அனுப்புவோம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும், மலேசியாவில் 997-க்கும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் சந்தேகம் வந்தால் 1799-ல் கேட்கலாம்.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் உண்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.